இருட்டில் எழுந்து நின்ற வேட்டி

தணிகாசலத்துக்கு அகந்தை போய் ஐந்து வருஷம் ஆகிறது. போன கிழமையைக்கூடச் சொல்வார். யாரும் கேட்காமலேயே சொல்வார்.

பொதுப்பணித் துறையில் கண்காணிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பதவியில் இருந்த காலத்தில் ஜீப்பிலிருந்து அவர் ஒரு காலை இறக்கினால் ஆபீஸே எழுந்து நிற்கும். ஓய்வு பெற்ற பிறகு, மகன் வீட்டு ஹாலில் அவர் நடந்து போனால் டிவி பார்க்கிறவர்கள் நீட்டிய காலைக்கூட மடக்குவதில்லை. அந்தச் சங்கடத்தில் கொஞ்ச நாள் தவித்துவிட்டு, தியானம் சொல்லித்தரும் வடிவம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். பேன்ட், சட்டை எல்லாவற்றையும் தானம் கொடுத்தார். அன்றிலிருந்து வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா, தோளில் வெள்ளைத் துண்டு.

வடிவம்மை அவரைவிட இருபது வயது சின்னவர். தென்காசிக்காரர், எப்போதும் அரக்குச் சேலைதான், அதிகம் பேசமாட்டார். இவர் அவரை அம்மா என்பார், அவர் இவரை ஐயா என்பார். புதிதாக வருகிறவர்கள் இதில் குரு யார் என்று குழம்பி, வேட்டியின் வெண்மையைப் பார்த்து இவர் காலில் விழுவதும் உண்டு. தணிகாசலம் பதறிப்போய்த் தடுப்பார். ஆனால் அவர்கள் விழுந்து எழுந்த பிறகுதான் தடுப்பார்.

அந்த வெண்மை சும்மா வந்ததல்ல. அதற்கென்று ஒரு சோப்புத்தூள் வைத்திருந்தார். வேறு எதில் துவைத்தாலும் வேட்டி பழுப்படிக்கிறது என்று அவருக்குக் கவலை. ஊர் ஊராக அதைச் சுமந்துகொண்டே போவார். அவருடைய துறவில் மிகவும் கனமான பொருள் அதுதான்.

தென்காசிக்கு வெளியே வாழைத்தோட்டத்துக்கு நடுவில் அம்மாவின் தியான நிலையம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் மகள் வீட்டோடு போய்விடப் போகிறார். அடுத்தது யார் என்று அம்மா இன்னும் வாயைத் திறக்கவில்லை. தணிகாசலத்துக்கு அந்த இடத்தின் மேல் உயிர். மகன் வீட்டு ஹாலுக்குத் திரும்பிப் போக அவருக்குத் துளியும் மனமில்லை. ஆசை என்று சொன்னால் காரியம் கெட்டுப்போகும் என்பதால், அதைச் சேவை என்று சொல்லி வந்தார்.

அந்த வருஷம் ஐரோப்பாவில் இருக்கும் தமிழர்கள் அம்மாவைப் பேச அழைத்தார்கள். துணைக்குத் தணிகாசலம் கிளம்பினார். சென்னை விமான நிலையத்தில் பெட்டி எடை கூடிப்போய்விட்டது. எதை எடுப்பது என்று அவர் சோப்புத்தூள் பொட்டலத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். அம்மா தன் கம்பளிச் சால்வையை எடுத்து, வழியனுப்ப வந்தவர்களிடம் கொடுத்துவிட்டார். எடை சரியாக நின்றது. அம்மாவுக்குத்தான் எத்தனை பற்றின்மை என்று தணிகாசலம் மெய்சிலிர்த்தார்.

வியன்னாவில் கூட்டத்தை முடித்துக்கொண்டு பிராக் நகரத்துக்கு ரயில் ஏறினார்கள். இதுதான் சமயம் என்று தணிகாசலம் கேட்டார்.

"அம்மா, எனக்குள்ள நான்கிறது இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா?"

"அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க ஐயா. குளிருது."

தணிகாசலம் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து அந்தப் பதிலை அசைபோட்டார். கதவு என்றால் புலன். குளிர் என்றால் மாயை. பிராக் வருவதற்குள் அதில் மூன்று உள்ளர்த்தம் கண்டுபிடித்துவிட்டார். அம்மா கையிரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

பிராக்கில் அவர்களை அழைத்துப் போக வந்தவன் பெனடிக்ட். தூத்துக்குடிப் பையன், கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அம்மா நடுங்குவதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் தன் மனைவியின் காப்பிக்கொட்டை நிற ஸ்வெட்டரைக் கொண்டுவந்து கொடுத்தான். தணிகாசலத்துக்குத் தன்னுடைய கறுப்புக் கோட்டைக் கொடுத்தான். கோட்டு வேட்டியை முக்கால்வாசி மறைத்துவிட்டதில் அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் குளிர் குளிர்தானே.

மறுநாள் ஊர் சுற்றலாம் என்றால் விடிந்ததிலிருந்து மழை. மதியம் ஒரு நாடகம் இருக்கிறது, இந்த ஊர் அதற்குப் பேர்போனது, போகலாமா என்று பெனடிக்ட் கேட்டான். நாடகமெல்லாம் நமக்கெதற்கு என்று தணிகாசலம் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா செருப்பை மாட்டிவிட்டார்.

டிராமில் போகும்போது பெனடிக்ட் விளக்கினான். மேடை முழுக்கக் கறுப்பு. நடிக்கிறவர்களும் தலையிலிருந்து கால்வரை கறுப்பு வெல்வெட்தான் போட்டிருப்பார்கள். மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒரு மாதிரி ஊதா விளக்கை மட்டும் போடுவார்கள். அந்த வெளிச்சத்தில் வெள்ளையும் சில சாயமும் மட்டும் ஜொலிக்கும், கறுப்பு இருக்கிற இடமே தெரியாது. அவர்கள் தூக்கிக்கொண்டு ஓடுகிற சாமான் தானாகப் பறக்கிற மாதிரி இருக்கும். தணிகாசலம் பாதியிலேயே தலையாட்டினார். தெரிந்த சங்கதி என்று தலையாட்டினாரே தவிர, காதில் வாங்கவில்லை.

அரங்கத்து வாசலில் கோட்டுகளை வாங்கி மாட்டிவைக்கிற இடம் ஒன்று இருந்தது. ஈரக் கோட்டோடு யாரையும் உள்ளே விடமாட்டார்களாம். தணிகாசலம் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். வேட்டி மறுபடி உலகத்தைப் பார்த்தது. நிமிர்ந்து நடந்து போய் முதல் வரிசையில், அம்மாவுக்கும் பெனடிக்டுக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

விளக்குகள் அணைந்தன. கும்மிருட்டு.

மேடையில் ஒரு குடை பிறந்தது. மஞ்சள் குடை, பிடிக்க ஆளில்லாமல் நடந்து வந்தது. அதன் பின்னால் ஒரு பச்சை மீன் நீந்தி வந்தது. ஒரு தொப்பி தன்னைத்தானே கழற்றி வணக்கம் சொன்னது. எல்லாம் கம்பி வேலை, மேலே ஒரு சட்டம் போட்டிருப்பார்கள் என்று பெனடிக்டின் காதில் தணிகாசலம் தீர்ப்புச் சொன்னார். கம்பி இல்லை சார், உள்ளே ஆள் இருக்கிறது என்றான் அவன். அவர் நம்பவில்லை.

பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். இன்னொருவர் சிரித்தார். மேடையில் சிரிக்கும்படி ஒன்றுமில்லையே என்று தணிகாசலம் குனிந்து பார்த்தார்.

அவர் எரிந்துகொண்டிருந்தார்.

வேட்டி நீலம் பாரித்த வெள்ளையில் ட்யூப்லைட் மாதிரி ஜொலித்தது. ஜிப்பாவும் துண்டும் அப்படியே. அந்த அரங்கத்தில் அத்தனை வெளிச்சமாக மேடையில்கூட ஒன்றும் இல்லை. இரண்டு கையாலும் மூடப் பார்த்தார். கை கறுப்பாகத் தெரிந்ததே ஒழிய வெள்ளை அடங்கவில்லை. அவருக்கு உடம்பு கூசிப்போயிற்று. வெளியே ஓடிப்போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று எழுந்தார்.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணுக்கு எழுந்தது அவரல்ல. தலையில்லாத ஒரு ஜிப்பாவும் காலில்லாத ஒரு வேட்டியும் இருட்டில் எழுந்து நின்றன. அரங்கம் ஒரு நொடி மூச்சைப் பிடித்தது. பிறகு ஓவென்று கைதட்டியது.

தணிகாசலம் நின்றுவிட்டார்.

ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டுத் தட்டினார்களே, அதற்கப்புறம் அவருக்கென்று யாரும் கைதட்டியதில்லை. கோட்டு மறந்துபோனது. நடைபாதைக்கு வந்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, கைகூப்பினார். கை தெரியவில்லை, ஜிப்பாவின் கைகள் மட்டும் ஒன்றுசேர்ந்தன. கைதட்டல் இன்னும் கூடியது. அவர் சிரித்தார். தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பல்வரிசை மிதந்தது. சிறுபிள்ளைகள் கீச்சென்று கத்தினார்கள்.

மேடையில் இருந்தவர்களும் விவரமானவர்கள். குடை அவரைப் பார்த்துச் சாய்ந்து வணக்கம் சொன்னது. அவர் குடைக்கு வணக்கம் சொன்னார். மீனுக்குச் சொன்னார். பால்கனிக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று, விட்டுப்போன இடப்பக்கத்துக்கு ஒன்று. அப்படியே பின்னால் நகர்ந்ததில் படி இருப்பதைக் கவனிக்கவில்லை. குதிகால் காற்றில் போயிற்று.

விழுந்திருந்தால் இடுப்பு போயிருக்கும். இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை அவர் முழங்கையைப் பிடித்தது. இன்னொரு கை முதுகைத் தாங்கி நிமிர்த்தி நிறுத்தியது. காலுக்கடியில் மெத்தென்று ஏதோ மிதிபட்டது. கம்பளம் மடங்கிக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதன் மேலேயே நன்றாக ஊன்றி நின்று, கடைசியாக ஒரு கும்பிடு போட்டார். அந்தக் கை அவரை ஒரு படிகூடத் தவறவிடாமல் நடத்திவந்து அவர் இடத்தில் உட்காரவைத்தது.

"பாத்தீங்களாம்மா" என்றார், மூச்சு வாங்கியபடி.

"பாத்தேன்" என்றார் அம்மா. அவருக்கும் மூச்சு வாங்கியது.

நாடகம் முடிந்து விளக்கு போட்டதும் கறுப்பு உடுப்புக்காரர்கள் வரிசையாக வந்து முகமூடியைக் கழற்றினார்கள். எல்லோரும் வியர்த்து ஊற்றியிருந்தார்கள். வெளியே வந்தபோது ஆட்கள் தணிகாசலத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். கைகொடுத்தார்கள், கூட நின்று படம் எடுத்தார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். குழுவின் தலைவி, ஒரு நெட்டையான பெண், வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நாள் அமைந்ததில்லை என்று அவள் சொன்னதை பெனடிக்ட் தமிழில் சொன்னான். தணிகாசலம் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

அப்புறம்தான் பெரிய மனதோடு ஒன்று கேட்டார். தன்னை விழாமல் பிடித்த நடிகர் யார், அவருக்கும் ஒரு நன்றி சொல்லிவிடுகிறேன் என்றார்.

பெனடிக்ட் கேட்டான். தலைவி மற்றவர்களைக் கேட்டாள். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

"சார், மேடையை விட்டு யாருமே கீழ இறங்கலையாம்" என்றான் பெனடிக்ட். "இறங்கவும் கூடாதாம்."

"அப்ப என்னைப் பிடிச்சது?"

பெனடிக்ட் தலையைச் சொறிந்தான். "நீங்க எந்திரிச்சதும் உங்க பின்னாலயே அம்மாவும் எந்திரிச்சாங்க சார். பாத்ரூமுக்குப் போறாங்கன்னு நெனச்சேன்."

தணிகாசலம் திரும்பிப் பார்த்தார். கோட்டு மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அதில் காப்பிக்கொட்டை நிற ஸ்வெட்டரில் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் தணிகாசலத்தின் கறுப்புக் கோட்டு இருந்தது. ஒரு செருப்பைக் கழற்றிவைத்துவிட்டுப் பெருவிரலைத் தடவிக்கொண்டிருந்தார். விரல் வீங்கி, நகம் கன்றிப்போயிருந்தது.

அவர் மெல்ல நடந்து அருகே போனார்.

"கால்ல என்னம்மா?"

"இருட்டுல ஒருத்தர் மிதிச்சிட்டாரு."

"யாரு?"

"முகம் தெரியல. வேட்டி நல்ல வெள்ளை."

தணிகாசலம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். படம் எடுக்க ஒரு குடும்பம் வந்து அவர் முதுகுக்குப் பின்னால் காத்து நின்றது. அவர் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். அம்மாவின் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். விரல் சில்லிட்டிருந்தது. தோள்துண்டை எடுத்து, ஒரு ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தார். இஸ்திரி மடிப்பு கலையாத துண்டு அது. அதைக் காயத்தில் சுற்றிக் கட்டினார். சென்னையில் விட்டுவந்த சால்வை அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ரயிலில் சாத்திய கதவும் ஞாபகம் வந்தது.

தலையைத் தூக்காமலேயே சொன்னார்.

"நிலையத்துக்கு வேற ஆள் பாருங்கம்மா."

அம்மா கட்டுப்போட்ட காலைச் செருப்புக்குள் நுழைத்துப் பார்த்தார். வலித்தது போலிருக்கிறது, முகத்தைச் சுளித்தார். பிறகு கோட்டை அவரிடம் நீட்டினார்.

"வேற ஆளுக்கு நான் எங்க போவேன் ஐயா? நீங்களே போங்க. அந்தச் சோப்புத்தூளை மட்டும் பெனடிக்ட் வீட்டுலயே விட்டுட்டுப் போங்க."