ஏழாவது தோசை

மலையடிவார மடத்தின் தவமணி அம்மைக்கு நாற்பது வயது. அவரிடம் பாடம் கேட்க வந்த குற்றாலிங்கத்துக்கு அறுபத்து மூன்று. முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவர் என்பதால் மடத்தில் எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான்.

ஒரு நாள் காலையில் பேயறைந்த முகத்தோடு வந்தார். கையில் புது இரும்புத் தோசைக்கல்.

"அம்மை, நான்ஸ்டிக் பூச்சுல சேர்ற சில ரசாயனம் மண்ணுலயும் மட்காதாம், உடம்பை விட்டும் லேசுல போகாதாம். ரசாயனம் படிச்ச எனக்கே இப்பத்தான் தெரியுது. வெள்ளிக்கிழமை மக பிரசவத்துக்கு வர்றா. சட்டி, பிளாஸ்டிக் டப்பா எல்லாத்தையும் ஒழிச்சுட்டேன். ஆனா வீட்டுக்காரி செண்பகவல்லி அடுப்படிக்குள்ள போக மாட்டேங்கிறா. இந்தக் கல்லைத் தொடக்கூட இல்ல."

"பூச்சுக் கல்லை மாத்தினது நல்லதுதான். அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

வாத்தியார் தலையைச் சொறிந்தார். "நீ இருபது வருஷமா எங்களுக்கு விஷத்தைத்தான் சுட்டுப் போட்டிருக்கேன்னு சொன்னேன்."

"அந்தப் பூச்சுக் கல்லை வாங்கினது யாரு?"

"நான்தான்."

அம்மை எழுந்தார். "பசிக்குது. இந்தக் கல்லுலயே தோசை சுடுங்க."

வாத்தியாருக்கு அடுப்படி என்றாலே ஆகாது. ஆனாலும் குரு வாக்கு. முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுத்தார். இரண்டாவது கந்தலாக வந்தது. எண்ணெய் தடவித் தடவி, விரலைச் சுட்டுக்கொண்டு, வியர்த்து வழிந்து, ஏழாவது தோசையை முழுசாக எடுத்தார். அதை அம்மையின் இலையில் போட்டபோது பரீட்சையில் தேறிய பையன் மாதிரி சிரித்தார்.

"அந்த ஆறு?"

"அதெல்லாம் பிஞ்சு போச்சு, அம்மை. உங்களுக்கு எப்படிப் போட? நான் தின்னுக்கிறேன்."

அம்மை தோசையை விண்டு வாயில் போட்டார்.

"கல்யாணமான புதுசுல உங்க வீட்டுல என்ன கல்லு?"

"இரும்புதான்."

"உங்க தட்டுல பிஞ்ச தோசை எத்தனை விழுந்துச்சு?"

"ஒண்ணுகூட விழலை! அவ கைப்பக்குவம் அப்படி…"

அடுப்போரம் கிடந்த ஆறு தோசைகளின் மேல் அவர் கண் போனது.

அங்கேயே நின்றபடி ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார். ஆறிப்போய், ஓரம் கருகி இருந்தன. அவள் இப்படி எத்தனை தின்றிருப்பாள்! அந்தக் கைச்சோற்றில் வளர்ந்த பெண்தான் இன்று ஒரு பிள்ளையைச் சுமந்துகொண்டு வருகிறாள். எவ்வளவு பெரிய கொடுப்பினை! ஒருநாளாவது வாய் திறந்து நல்லாயிருக்கு என்று சொன்னோமா என்று யோசித்தார். நினைவில்லை.

கல்லைக் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவிப் பையில் வைத்துக்கொண்டார்.

"அம்மை, அவகிட்ட என்னன்னு சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதீங்க, வாத்தியாரே. அவங்களை உட்கார வைச்சுச் சுடுங்க. முதல் தோசை எப்படியும் பிய்யும். அதை அவங்க பார்க்க நீங்க தின்னுங்க."