பின்னால் ஏறுகிறவன்

இருளப்பனுக்கு வயது அறுபத்திரண்டு. கல்குவாரியில் முப்பது வருடம் ஜல்லி உடைத்து, அந்தத் தூசியை நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டு, கடைசியில் குன்றின் மேலிருந்த குகை மடத்துக்குச் சீடராக வந்து சேர்ந்தவர். குரு தவமணியம்மாள் அவரைவிட இருபது வயது இளையவள். மடத்தில் ஒரே ஒரு விதி: குடிக்கிற தண்ணீரை அவரவரே அடிவாரத்துச் சுனையிலிருந்து சுமந்து வர வேண்டும். முடியாதவர் ஊருக்குத் திரும்பிவிட வேண்டியதுதான்.

ஒரு நாள் உச்சி வெயிலில் இருளப்பன் வெறுங்குடத்தோடு வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

“நான் ஊருக்கே போயிடுறேன், அம்மா.”

“ஏன்?”

“படியேறும்போது பின்னாடி யாரோ ஏறி வர்றாங்க. திரும்பினா ஆள் இல்லை.”

“நின்னு பார்த்தீங்களா?”

“அதுதான் பயமே. நான் நின்னாலும் அது நிக்க மாட்டேங்குது. திம் திம்னு ஏறிக்கிட்டே இருக்கு.”

“என்ன செஞ்சீங்க?”

“நீங்க சொல்லித் தந்த மாதிரி மூச்சை உள்ளே கட்டினேன். சத்தம் காட்டாம இருந்தா தாண்டிப் போயிடும்னு பார்த்தேன். அது காதுகிட்டயே வந்துடுச்சு. கண்ணு இருட்டி, குடம் உருண்டுடுச்சு.”

தவமணியம்மாள் சிரிக்கவில்லை. அவரைக் கீழே அழைத்துப் போய், குடத்தில் பாதி நிரப்பிக் கொடுத்து, கூடவே ஏறினாள். இருபதாவது படியில் அவருக்கு மூச்சு விசிலடித்தது. உட்காரச் சொன்னாள். காற்று அசையவில்லை. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

“கேட்குதா, பெரியவரே?”

“வருது.”

அவர் கையை எடுத்து அவர் நெஞ்சிலேயே வைத்தாள். பின்னால் கேட்ட காலடி உள்ளங்கையில் வந்து விழுந்தது. இருளப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“இவனா? நான்தான் உட்கார்ந்துட்டேனே. இவன் எங்கே ஏறுறான்?”

“நீங்க ஏறின இருபது படியைத்தான். தூசி அடைச்ச உங்க நுரையீரல் குடுக்கிறது கொஞ்சம் காத்து. அதை வச்சு உடம்பு முழுக்க ஓடி ஓடிக் குடுக்கிறான். நீங்க வந்துட்டீங்க. அவன் இன்னும் பாதி வழியில இருக்கான்.”

“இவனையா நான் மூச்சைக் கட்டி…” இருளப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “இப்படி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினா சாயங்காலம் ஆயிடுமே.”

“விதியில நேரம் எதுவும் சொல்லலையே.”

“வழியிலேயே இவன் நின்னுட்டா, அம்மா?”

“இப்போ வந்துக்கிட்டுதானே இருக்கான். அவன் வந்து சேர்ற வரைக்கும் உட்காருங்க. அதுக்கப்புறம் அடுத்த படி.”

இருளப்பன் பின்னால் வருகிறவனுக்காகக் காத்திருந்தார்.