எந்த நாட்டுச் சட்டம் கடுமை?

"எரிச்சலா வருது அம்மா. எப்படி அளந்தாலும் ஒவ்வொரு தடவையும் வேற வேற நாடு முதல்ல வருது" என்றார் மருதப்பர்.

நீலாயி அம்மை வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

மருதப்பர் அரண்மனை அதிகாரி. அம்மையைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் குழப்பம் வந்தால் அம்மையிடம்தான் ஓடி வருவார்.

வியாபாரிகள் கூடிப் பேசி விலையை ஏற்றினாலோ, தங்களில் ஒருவரை ஒதுக்கினாலோ தண்டிக்க ஒரு சட்டம் வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை. எந்த நாட்டில் அது மிகக் கடுமையோ, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்றுவிட்டார். நாடு நாடாகப் போய்ப் பார்த்து வரிசைப்படுத்தும் வேலை மருதப்பர் தலையில் விழுந்தது.

வெறும் வேலை என்றால் எப்படியோ ஒப்பேற்றியிருப்பார். அவருடைய தங்கை பொன்னரசி செக்கு வைத்திருக்கிறாள். எண்ணெயைக் கொஞ்சம் மலிவாக விற்றாள். ஊர் எண்ணெய் வியாபாரிகளுக்குப் பொறுக்குமா? அவளுக்கு யாரும் எள் கொடுக்கக் கூடாது என்று கூடிப் பேசி நிறுத்திவிட்டார்கள். இப்போது செக்கு சும்மா நிற்கிறது. நல்ல சட்டம் வந்தால்தான் அவளுக்குப் பிழைப்பு.

"எதை வச்சு அளந்தீங்க?" என்று கேட்டார் அம்மை.

"சட்டம் எவ்வளவு நீளம், எத்தனை குற்றம் சொல்லியிருக்கு, என்ன தண்டனை... எல்லாத்துக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினேன். அது போதாதாம். இருபது வருஷத்துக்கு முன்னால எப்படி இருந்துச்சுன்னும் ராஜாவுக்குத் தெரியணுமாம்! அதையும் அளந்தேன்."

"கடைசியில?"

"மலையடி நாடு முதலிடம். கூடி விலை வச்சா கையை வெட்டணும்னு சட்டம். ஆற்றங்கரை நாடு கடைசி. அங்கே சட்டமே ரெண்டு வரிதான். இருபது வருஷமா அதுல ஒரு எழுத்து மாறலை. அன்னைக்கும் கடைசி, இன்னைக்கும் கடைசி. நாளைக்கு ராஜாகிட்ட இதைத்தான் சொல்லப்போறேன்."

"அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?"

"மனசு ஒப்பலையே!"

அம்மை இன்னொரு மடலை உரித்தார்.

"மலையடி நாட்டுல எங்க சாப்பிட்டீங்க?"

மருதப்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் சட்டத்தைப் பத்திப் பேசறேன். நீங்க சாப்பாட்டைக் கேட்கறீங்க."

"சொல்லுங்க."

"எண்ணெய் வியாபாரிகள் சங்கத்துல. கடைவீதி நடுவுல பெரிய மண்டபம். மாசம் பிறந்தா எல்லாரும் கூடுவாங்க. கூடி முடிச்சதும் அந்த மாச விலையை வாசல் பலகையில எழுதிடுவாங்க. வடை பாயசத்தோட விருந்து போட்டாங்க. தங்கமான மனுஷங்க."

"எத்தனை பேருக்குக் கை இல்லை?"

மருதப்பர் யோசித்தார்.

"எல்லாருக்கும் இருந்துச்சு. அவங்கதானே பரிமாறினாங்க."

அம்மை கையில் இருந்த பூவைக் கொஞ்சம் வேகமாகவே முறத்தில் போட்டார்.

"ஆற்றங்கரையில?"

"அதை ஏன் கேட்கறீங்க! ஒரு கல்யாண வீட்டுல சாப்பாடு. ரெண்டு எண்ணெய் வியாபாரிகளைப் பக்கத்துப் பக்கத்து இலையில உட்கார வச்சுட்டாங்க. ஒருத்தர் பதறி எழுந்து அடுத்த பந்திக்குப் போயிட்டார். பொண்ணு வீட்டுக்காரங்க கெஞ்சியும் உட்காரலை. சேர்ந்து பேசினதா யாராவது சொல்லிட்டா என்ன செய்யறதுன்னு பயமாம். பைத்தியக்கார ஊர்."

"எப்பவுமே அப்படித்தானா?"

"இல்லையாம். முன்னெல்லாம் ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சீட்டாடுவாங்களாம். நடுவுல ஒரு நீதிபதி வந்து, கூடி விலை வச்சாங்கன்னு இருக்கறதுலயே பெரிய எண்ணெய்க் கடையைப் பூட்டிச் சாவியை எடுத்துட்டுப் போயிட்டாராம். அதுக்கப்புறம்தான் இப்படி."

"அதுக்கு எத்தனை மதிப்பெண் போட்டீங்க?"

"எதுக்கு? பந்தி மாறி உட்கார்ந்ததுக்கா?" மருதப்பரின் குரல் உயர்ந்தது. "சட்டத்துல பந்தியைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே அம்மா! அதுக்கு நான் எப்படி மதிப்பெண் போடுவேன்?"

அம்மை தலையில் அடித்துக்கொண்டார். விரலில் ஒட்டியிருந்த வாழைப்பூக் கறை நெற்றியில் பட்டது.

அப்போது தெருவில் மேளச் சத்தம் கேட்டது. மருதப்பர் எட்டிப் பார்த்தார்.

"யாரு?"

"நம்ம ஊர் எண்ணெய் வியாபாரிகள். எல்லாரும் ஒண்ணா வர்றாங்க. மாலை, பொன்னாடை எல்லாம் இருக்கு."

"யார் கையில மாலை?"

"பொன்னரசிக்கு எள்ளை நிறுத்தணும்னு முதல்ல சொன்னாரே, அவர் கையிலதான்."

"யாருக்குப் போடவாம்?"

"எனக்குத்தான் இருக்கும். மலையடிச் சட்டம் இங்கே வரப்போகுதுன்னு அரண்மனையில யாரோ சொல்லியிருப்பாங்க. அந்தச் சந்தோஷத்துல..."

மருதப்பர் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மேளம் வாசலுக்கே வந்துவிட்டது.

"போங்க" என்றார் அம்மை. "கழுத்தை நீட்டுங்க."

மருதப்பர் நகரவில்லை.

"அம்மா, இந்த வீட்டுக்குப் பின்வாசல் இருக்கா?"