கழுத்துக் குழாயில் வைத்த திருநீறு

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் பஸ் ஏறும்போதே பொற்கொடியைப் பிடித்துக்கொண்டது. மடத்துக் கூடத்தில் சாமியாருக்கு எதிரே உட்கார்ந்த பிறகும் அது விடவில்லை. புருஷன் செத்துக் காரியமெல்லாம் முடிந்து அவள் இங்கே வருவது இதுதான் முதல் தடவை.

"சொல்லம்மா," என்றார் சாமி.

"எங்கேயிருந்து தொடங்குறதுன்னு தெரியல சாமி. எங்க அண்ணன்லேருந்து சொல்லட்டுமா?"

"அங்கேயிருந்தே சொல்லு."

அண்ணனுக்குச் சின்ன வயசில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. அதில் இதய வால்வு கெட்டது. மீசை அரும்புகிற வயசில், சொத்தைப் பல்லிலிருந்து ரத்தத்தில் இறங்கிய கிருமி அந்த வால்வில் போய் உட்கார்ந்துகொண்டது. அவன் பிழைக்கவில்லை.

அதனால்தான், புருஷனுக்குச் சிறுநீரகம் செத்துப்போய், வால்வும் தடித்திருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, பொற்கொடி அவர் வாயைக் காவல் காத்தாள். காலையும் ராத்திரியும் உப்புத் தண்ணீர். இனிப்பு கிடையாது.

"மாடு வாங்குறவன் மாதிரி என் பல்லைப் பார்க்கிறாடான்னு தம்பிகிட்ட சொல்லிச் சிரிப்பாரு சாமி. ஒரு பல்லு கெடல. போகும்போதும் முழுசாத்தான் இருந்துச்சு."

சாமி சிரிக்கவில்லை.

"இவரைக் கொண்டுபோனதும் அண்ணனுக்கு வந்த அதே நோய்தான்னு டாக்டர் சொல்றாரு. அப்போ எந்த வழியா வந்துச்சு?"

"அவர் என்ன சொன்னார்?"

"அந்தக் காலத்துல மூட்டுக் காய்ச்சலும் பல்லும்தானாம், சின்ன வயசுக்காரங்களுக்கு வருமாம். இப்போ வயசானவங்களுக்குத்தான் அதிகமாம். உயிரைக் காப்பாத்தப் போடுற குழாய் வழியாவே கிருமி உள்ள போகுதாம்."

"அவருக்குக் குழாய் எங்கே இருந்தது?"

"கழுத்துல. டயாலிசிஸுக்குப் போட்டது. நர்ஸு நல்லா மூடித்தான் அனுப்பும்." அவள் நிறுத்தினாள். பஸ்ஸில் எத்தனை முறை சொல்லிப் பார்த்தும் வாயில் வராத இடம் இதுதான். "வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்திரி ஓரத்தைத் தூக்கி, நீங்க குடுக்கிற திருநீறைக் கொஞ்சம் வைப்பேன். ஒவ்வொரு தடவையும்."

அவள் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

"அதனாலதானா சாமி?"

"டாக்டரைக் கேட்டியா?"

"கேட்டேன். எதனாலன்னு இனிமே சொல்ல முடியாதாம். ஆனா அந்த இடத்தை நான் தொட்டிருக்கக் கூடாதாம். நீங்க சொல்லுங்க."

"எனக்கும் தெரியாதும்மா."

திருநீறு மடிக்கக் கொண்டுவந்த காகிதம் அவள் கையில் கசங்கியது. கொழுந்தன் ஏகாம்பரத்துக்கும் அதே சிறுநீரகக் கோளாறு. இப்போதுதான் கழுத்தில் குழாய் போட்டிருந்தார்கள். என் அண்ணனுக்கு வைத்த திருநீறு எனக்கும் வேணும் அண்ணி என்று கேட்டு அனுப்பியிருந்தான். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவள் சொல்லி முடித்தாள்.

சாமி எழுந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். சோப்பை எடுத்து, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, நெடுநேரம் கழுவினார். பிறகு அவள் கையை நீட்டச் சொல்லித் தண்ணீர் ஊற்றினார்.

"நீங்க எதுக்குச் சாமி கழுவுறீங்க?"

"உன் கை மட்டுமா அங்கே போச்சு? அள்ளிக் குடுத்தது என் கைதானே."

பொற்கொடி அப்போதுதான் அழுதாள்.

"கழுவினா போயிடுமா சாமி?"

"போகாது. ஆனா உன் கையோட ஏகாம்பரம் வீட்டுக்கு வராது."

காகிதம் வெறுமையாகவே திரும்பியது. கொழுந்தன் வீட்டுக் குழாயடியில் பொற்கொடி இன்னொரு தடவை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

"திருநீறு எங்கே அண்ணி?" என்று ஏகாம்பரம் கழுத்தை நீட்டினான்.

அவள் இரண்டு கைகளையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு, கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்தாள்.