உச்சிமாளி தன் குரலைத் தேடிக் கண்ட கதை

எல்லாரும் வந்தாச்சா? ஏட்டி பூமயிலு, அந்தப் போர்வைய நீ மட்டும் இழுத்துக்கிட்டா மத்ததுக எதைப் போத்தும்? ம்... இப்பச் சொல்லுதேன். "உம்" கொட்டணும். கொட்டலன்னா நான் பாட்டுக்குத் தூங்கிருவேன்.

மழை எட்டிப்பாத்துட்டு ஓடிப்போற கரிசக்காட்டு ஊரு ஒண்ணு. அந்த ஊர்ல உச்சிமாளின்னு ஒரு ஆடு மேய்க்கிறவன் இருந்தானாம். அவனுக்கு இருபத்தேழு செம்மறி ஆடு, முறுக்கன்னு ஒரு கொம்புக்கிடா, இசக்கின்னு ஒரு பொண்டாட்டி. இசக்கி பேச்சுக்கு முறுக்கனே பயப்படும்னா பாத்துக்கோங்க.

அந்தப் பக்கத்துல ஆடு மேய்க்கிறவுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. உச்சிப்பொழுதுல நாலு பேரு ஆடும் ஒரே ஊருணியில தண்ணி குடிக்கும், எல்லாம் ஒண்ணோட ஒண்ணா கலந்துபோகும். அப்ப ஒவ்வொருத்தனும் கரையில நின்னு அவனவன் குரல்ல கூப்பிடுவான். ஒருத்தன் கூப்பாடு மாதிரி இன்னொருத்தன் கூப்பாடு இருக்காது. ஆடுக அது அது தன் ஆளைத் தேடி ஓடிரும். நம்ம உச்சிமாளிக்கோ கரகரன்னு எண்ணெ போடாத கிணத்து உருளை மாதிரி குரலு. "ட்ர்ர்ரியோ... ஓவ்!"ன்னு ஒரு சத்தம் குடுத்தா இருபத்தேழும் முறுக்கனும் வந்து அவன் வேட்டியக் கடிக்கும்.

சரி, அவன் சும்மா இருந்தானா? அதான் இல்ல. ஆடு மேய்க்கிற பொழுதுல அடுத்தவுக மாதிரி பேசிப்பேசிப் பழகிட்டான். நாட்டாமை இருமி இருமிப் பேசுவாருல்ல, அதே மாதிரி. பூசாரி மூக்கால பேசுவாருல்ல, அதே மாதிரி. பக்கத்து வீட்டுச் சீனியம்மா "ஏ... யாத்தே..."ன்னு இழுப்பாளே, அதே மாதிரி. ஊரே வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கும்.

சேதி ராசா காதுக்குப் போயிருச்சு. ராசா கூப்பிட்டு விட்டாரு. இவன் போயி நாட்டாமை மாதிரி பேசுனான், ராசா சிரிச்சாரு. பூசாரி மாதிரி பேசுனான், ராசா இன்னுஞ் சிரிச்சாரு. கடைசியில துணிஞ்சு ராசா மாதிரியே "யாரங்கே!"ன்னு கனமா ஒரு அதட்டுப் போட்டான் பாருங்க, ராசா சிரிச்ச சிரிப்புல கிரீடம் கழண்டு உருண்டுபோச்சாம்!

"நீ இங்கனயே இருந்துருடா"ன்னுட்டாரு.

அரமனையில நல்லபெருமாள்னு ஒரு காரியக்காரரு. பேருதான் நல்லபெருமாள். அவருக்கு முறுக்கன் மேலயும் அந்த ஆடுக மேலயும் ரொம்ப நாளா ஒரு கண்ணு. அவரு உச்சிமாளிகிட்ட தேனா ஒழுகுனாரு.

"ஏப்பா, உன் ஆட்டை என் ஆளு பாத்துக்கிடுவான், நீ கவலைப்படாத. ஆனா ஒண்ணு. உன் சொந்தக் குரலு இருக்கே, அத இங்க எடுத்துராத. கேக்கச் சகிக்கல. எப்பவும் யாரு மாதிரியாவது பேசு, அதான் மரியாதை."

இந்தக் கிறுக்கனும் மண்டைய ஆட்டிட்டான். சோறு கேட்டா பூசாரி குரல்ல கேட்டான். தண்ணி கேட்டா நாட்டாமை குரல்ல கேட்டான். கனவுல உளறுனாக்கூடச் சீனியம்மா குரல்லதான் உளறுனான். இப்படியே ஒரு வருசம் போயிருச்சு.

ஒருநா இசக்கி ஞாபகம் வந்துருச்சு. விடியவும் கெளம்பி உச்சிவெயில்ல வீட்டுக்கு வந்துட்டான். கதவு சாத்திக் கெடக்கு, தட்டுனான்.

"யாரது?"

"நாந்தேன்..."ன்னு வாயத் தொறந்தான், நாட்டாமை இருமல் வந்துச்சு. "நாட்டாமை ஐயாவா? எங்க வீட்டுக்காரரு இங்க இல்ல"ங்கா. திரும்பத் தட்டுனான், பூசாரி மூக்கு வந்துச்சு. "சாமி, திருநீறு நாளைக்கு வாங்கிக்கிடுதேன்"ங்கா. மூணாவது தட்டுனான், "யாரங்கே!"ன்னு ராசா குரலே வந்துருச்சு. இசக்கி உலக்கையத் தூக்கிக்கிட்டுக் கதவத் தொறந்தா.

"ராசாவா இருந்தா என்ன, எவனா இருந்தா என்ன, ஆம்பள இல்லாத வீட்டுல..."ன்னு ஓங்குனவ அப்படியே நின்னுட்டா. மொதல்ல சிரிச்சா. பெறகு சிரிப்பு நின்னு கண்ணு கலங்கிருச்சு.

"ஏய்யா, மூஞ்சி என் புருசன் மூஞ்சி. குரல எங்கய்யா தொலச்ச?"

அவன் காட்டுக்கு ஓடுனான். அங்க அவன் ஆடுக மேயுது. கூப்பிட்டான். பூசாரி மாதிரி வந்துச்சு, ஒண்ணும் நிமிந்து பாக்கல. இன்னும் ஓங்கிக் கூப்பிட்டான். ராசா மாதிரி வந்துச்சு, எல்லாம் மெரண்டு ஓடிருச்சு. முறுக்கன் மட்டும் இவனை மேலயும் கீழயும் பாத்துட்டு முதுகத் திருப்பிக்கிட்டு நின்னுச்சாம். அந்த எடத்துலதான் உச்சிமாளி உக்காந்து அழுதான். அழுகையும் சீனியம்மா மாதிரியே வந்துச்சு, பாவம்!

சிரிக்காதீங்க. அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

"ஆடு எங்க காரியக்காரரோடது, தொடாத!"ங்கான் மேய்க்கிற ஆளு. வழக்கு ராசாகிட்டப் போச்சு. நல்லபெருமாள் கூசாம, "ஒரு வருசமா நான் வளத்த ஆடு மகாராசா"ன்னாரு. ராசா யோசிச்சாரு. "ஆட்டு வழக்குக்கு ஆடுதான் சாட்சி. மூணாம் நாளு ஊருணிக்கரையில ரெண்டு பேரும் கூப்பிடுங்க. யாரு குரலுக்கு ஆடு போகுதோ அவனுக்குத்தான் ஆடு."

இவன்கிட்டத்தான் சொந்தக் குரலே இல்லையேன்னு காரியக்காரருக்கு உள்ளூரக் குளுகுளுன்னு இருந்துச்சு. "தோத்தவன் ஜெயிச்சவனுக்கு ஒரு வருசம் ஆடு மேய்க்கணும், அதையும் சேத்துக்கிடுங்க மகாராசா"ன்னு அவரே வாயக் குடுத்தாரு.

வீட்டுக்கு வந்தா இசக்கி சொல்லுதா: "இந்தா பாரு, அடுத்த வீட்டுச் சட்டி பானையெல்லாம் வாங்கி அடுக்கி வச்சா நம்ம சட்டிய எங்க தேட? மொதல்ல வாங்குனத அவுகவுககிட்டக் கொண்டு குடு."

மறுநா நாட்டாமை வீட்டுக்குப் போனான். அவரு முன்னாலயே இருமி இருமி ரெண்டு வார்த்தை பேசுனான். "ஐயா, இது உங்க குரலு. வச்சுக்கிடுங்க. இனி எனக்கு வேணாம்."

"ஏலே, என் குரலு என்கிட்டத்தானல இருக்கு!"

"இதுவும் உங்களோடதுதான்"னு கும்பிட்டுட்டு வந்துட்டான்.

பெறகு பூசாரிகிட்டப் போனான். மூக்கால பேசிக் குடுத்தான். அவரு, "வச்சுக்கோயேன், நான் படுத்துட்டா மணியடிக்க ஆளு வேணும்ல?"ன்னாரு. "வேணாஞ்சாமி"ன்னுட்டான். பெறகு சீனியம்மாகிட்டப் போனான். இழுத்து இழுத்துப் பேசிக் குடுத்தான். அவ, "ஏ... யாத்தே... நான் இப்படியா இழுக்கேன்?"ன்னு இழுத்துக்கிட்டே கேட்டு ஒரு கை வறுத்த கடலை குடுத்தனுப்புனா.

வீட்டுக்கு வந்து வாயத் தொறந்தா, வெறுங்காத்துதான் வருது. ராசா குரலு ஒண்ணுதான் தொண்டையில மிச்சம். இசக்கி, "அத உரியவுக முன்னால எறக்கி வை, இப்பக் கஞ்சியக் குடி"ன்னுட்டா.

மூணாம் நாளு ஊருணிக்கரையில ஊரே கூடியிருக்கு. நடுவுல ஆடுக. அந்தப் பக்கம் காரியக்காரரு பட்டு வேட்டியில நிக்காரு. மடி மட்டும் கொஞ்சம் உப்பலா இருக்கு. என்னவா இருக்கும்? பொறுங்க.

மொதல்ல அவரு கூப்பிட்டாரு. "வாங்க, வாங்க"ன்னு விருந்தாளியக் கூப்பிடுத மாதிரி கூப்பிட்டாரு. ஆடு நாலஞ்சு மூக்க விடைச்சுக்கிட்டு அவரு பக்கம் போச்சு. பின்னாலயே இன்னுஞ் சிலது போச்சு. சனத்துக்கெல்லாம் திக்குன்னுருச்சு.

அப்ப உச்சிமாளி ராசா முன்னால போயி நின்னான். ராசா குரல்லயே, கனமா, எல்லாருக்கும் கேக்குற மாதிரி பேசுனான்:

"யாரங்கே! ஒரு வருசம் இவனைப் பக்கத்துல வச்சுக்கிட்டுச் சிரிச்சேன். நீ எப்படியிருக்கன்னு ஒருநா கேக்கல."

ராசா மொகம் வாடிப்போச்சு. உச்சிமாளி குனிஞ்சு கும்பிட்டான். அந்தக் குரலும் அவனை விட்டுப் போயிருச்சு. இப்ப அவன்கிட்ட ஒண்ணுமே இல்ல.

ஆடுகளப் பாத்தான். இசக்கியப் பாத்தான். கூப்பிட்டான். க்ர்ர்னு தொண்டைக்குள்ள என்னமோ ஒரசுச்சு. ஒரு கிழட்டு ஆடு மட்டும் காதத் தூக்குச்சு. ரெண்டாந்தரம் கூப்பிட்டான். "ட்ர்ரி..."ன்னு துருப்பிடிச்சு வந்துச்சு. ஆடுக மேய்ச்சல விட்டு நிமிந்துச்சு. மூணாந்தரம் கண்ண மூடிக்கிட்டு, அடிவயித்துல இருந்து, "ட்ர்ர்ரியோ... ஓவ்!"

அம்புட்டுதான்! ஊருணிக்கரை புழுதியில மறைஞ்சுபோச்சு. இருபத்தேழும் அவன் மேல வந்து விழுது, வேட்டியக் கடிக்குது, கைய நக்குது. முறுக்கன் மட்டும் நேரா வரல. அதுக்கு ஒரு வேலை பாக்கி இருந்துச்சு. காரியக்காரரு மடிய மோந்து பாத்துட்டு, ரெண்டடி பின்னால போயி, முட்டுச்சு பாருங்க ஒரு முட்டு! பட்டு வேட்டியோட ஊருணிக்குள்ள தொபுக்கடீர்! மடி அவுந்து தண்ணி மேல பொலபொலன்னு மெதக்குது வேலங்காய் நெத்து. ஆட்டுக்கு அதுன்னா உசுருல்ல, அதக் காட்டித்தான் இழுத்திருக்காரு திருட்டு மனுசன்!

ராசா எந்திரிச்சாரு. "காரியக்காரரே, நீரு சொன்ன வார்த்தை நீருதான் காப்பாத்தணும். ஒரு வருசம் இவன் ஆட்ட நீரு மேய்க்கணும்." பெறகு உச்சிமாளி பக்கம் திரும்பி மெதுவா, "எப்பா, எப்படியிருக்க?"ன்னு கேட்டாரு.

"நல்லா இருக்கேன் மகாராசா"ன்னான் உச்சிமாளி, கரகரன்னு. சொல்லிட்டு அவனே கேட்டுப் பாத்துச் சிரிச்சுக்கிட்டான்.

இசக்கி முந்தானையில மூக்கச் சிந்திக்கிட்டு, "இந்தக் கரகரப்புக்குத்தானய்யா நான் கழுத்த நீட்டுனேன், அதப்போயி தொலச்சியே"ன்னு தோள்ல ஒரு இடி இடிச்சா.

அதுக்குப் பெறகு காரியக்காரரு கூப்பிட்டா ஒரு ஆடு திரும்பணுமே! தெனமும் பொழுதுசாய அதுக பின்னால ஓடி ஓடி மனுசன் துரும்பா எளைச்சுப்போனாராம். ஊர்ல கல்யாணம் காச்சின்னா உச்சிமாளி இன்னமும் நாட்டாமை மாதிரி பேசிக் காட்டுவான். ஆனா வீட்டுக்குத் திரும்புறப்ப வழியில நின்னு ஒருதரம் "ட்ர்ர்ரியோ... ஓவ்!"ன்னு கூப்பிட்டுப் பாத்துக்கிடுவான், தன் குரலு இருக்கான்னு.

நீங்களும் ஊரு சிரிக்க எத்தன குரல்லயும் பேசுங்க, வேணாங்கல. ஆனா உங்க வீட்டுக் கதவு தொறக்கிற குரல மட்டும் பத்திரமா வச்சுக்கிடுங்க.

ஆடும் பட்டிக்கு வந்தாச்சு, கதையும் பட்டிக்கு வந்தாச்சு, படலச் சாத்தியாச்சு. ஏட்டி பூமயிலு, போர்வைய விடு. படுங்க.