விளம்பரம் செய்யாதீர்

வேலப்ப சாமியின் மடம் பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே இருந்தது. வம்பே அதுதான். மதில் நல்ல கான்கிரீட் மதில். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அதற்கு மேல் சந்தன நிறத்தில் பெயிண்ட். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் வேறெங்கே பார்ப்பார்கள்? அப்படி ஒரு சுவரைக் கண்டால் நம் ஊரில் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? கட்சிக்காரர்கள் ஒட்டினார்கள், டியூஷன்காரர்கள் ஒட்டினார்கள், காதுகுத்துக்கும் ஒட்டினார்கள், கருமாதிக்கும் ஒட்டினார்கள். "விளம்பரம் செய்யாதீர்" என்று கறுப்பு எழுத்தில் பெரிதாக எழுதி வைத்துப் பார்த்தார்கள். மூலநோய் வைத்தியர் ஒருவர் சரியாக அதன் மேலேயே தன் விளம்பரத்தை ஒட்டிவிட்டுப் போனார்.

சுவரைப் பார்த்துக்கொள்வது நாச்சிமுத்துவின் வேலை. மடத்தில் சேர்ந்த அன்று அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டது. விடிந்ததும் ஒரு வாளித் தண்ணீர், தேங்காய் நார், பட்டி பார்க்கும் தகடு ஆகியவற்றோடு கிளம்பிவிடுவார். மைதாப் பசை இறுகுவதற்குள் தாளை நனைத்து, ஓரத்திலிருந்து மெல்லத் தூக்கி, பெயிண்ட் பெயராமல் உரித்தெடுப்பார். யார் முகம், யார் பெயர் என்றெல்லாம் பார்ப்பதில்லை. பிறந்தநாள் வாழ்த்தோ கண்ணீர் அஞ்சலியோ, அவருக்கு எல்லாம் அழுக்குதான்.

அவருக்கு சாமியைவிடப் பத்து வயது கூடுதல். அதனால் சாமிதான் அவரை "ஐயா" என்று கூப்பிடுவார்.

நாச்சிமுத்துவுக்குச் சுவர் மேல் இவ்வளவு பற்று வந்ததற்கு ஒரு கதை உண்டு. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் அவரும் மகன் தரணியும் மட்டும் இருந்தார்கள். ஒரு நாள் தரணி தன் அறைச் சுவரில் பைக் படம் போட்ட பெரிய போஸ்டர் ஒன்றை டேப் போட்டு ஒட்டினான். புதுப் பெயிண்ட். நாச்சிமுத்து பார்த்த மாத்திரத்தில் அதைப் பிடித்து இழுத்தார். டேப்போடு பெயிண்டும் வந்தது. நான்கு மூலையிலும் சிமெண்ட் தெரிந்தது.

"ஆணி அடிக்கலையேப்பா. டேப்புதானே போட்டேன்," என்றான் தரணி.

"இது என் சுவரு. உனக்கு ஒட்டோணும்னா, நீ ஒரு சுவரைக் கட்டி அதுல ஒட்டிக்கோ."

பெற்றவர்கள் ஆத்திரத்தில் ஆயிரம் சொல்வார்கள். மறுநாள் காப்பி குடிக்கும்போது அது ஆறிப்போயிருக்கும். இந்தப் பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொண்டான். கிழிந்த போஸ்டரைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு வாசற்படி இறங்கினான். "போகாதே" என்று ஒரு வார்த்தை நாச்சிமுத்துவின் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஆறு வருஷம் ஆயிற்று.

மகன் எங்கே என்று யாராவது கேட்டால், "தெரியாது" என்பார். கேட்டவர்கள் மறுபடி கேட்கமாட்டார்கள். ஆனால் பஸ் நிறுத்தத்தில் ஏதாவது பைக் வந்து நின்றால் போதும், தாளை உரித்துக்கொண்டிருக்கும் கை தானாக நின்றுவிடும். திரும்பிப் பார்ப்பார். வேறு யாராவதாக இருக்கும். மறுபடி சுவரைத் தேய்ப்பார். மகனைப் பார்க்கவேண்டும்போல் இருந்தது அவருக்கு. எப்போதும் அப்படித்தான் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, சுவரில் ஒரு புது போஸ்டர் இருந்தது. அது ஒட்டியிருக்கவில்லை, தொங்கிக்கொண்டிருந்தது. மதில் மேல் கம்பியிலிருந்து இரண்டு நூல் இறங்கி, காலண்டர் மாதிரி மேலும் கீழும் குச்சி வைத்த தாளைப் பிடித்திருந்தது. சுவரில் ஒரு பொட்டுப் பசை இல்லை. நாச்சிமுத்து நூலை அறுக்கத் தகடைத் தூக்கினார். "காணவில்லை" என்ற எழுத்து கண்ணில் பட்டது. தகடை வாளிக்குள் போட்டுவிட்டு உள்ளே போனார்.

சாமி வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு போஸ்டருங்க."

"உரிச்சிருங்க."

"ஒட்டலைங்க. தொங்குதுங்க."

"அப்ப அவுத்துருங்க."

"காணவில்லைன்னு போட்டிருக்குதுங்க."

சாமி நிமிர்ந்தார். "யாரைக் காணோமாம்?"

"அதைப் பார்க்கலைங்க."

"படிச்சுட்டு வாங்க ஐயா. அப்புறம் எடுத்துக்கலாம்."

நாச்சிமுத்து திரும்பிப் போய் நின்று படித்தார். அந்தச் சுவரில் அவர் படித்த முதல் போஸ்டர் அதுதான். அருள்மொழி, வயது பத்தொன்பது, மாநிறம், இடது புருவத்தில் தழும்பு, பச்சைக் கட்டம் போட்ட சட்டை. அச்சடித்ததெல்லாம் அவ்வளவுதான். அடியில் பால்பாயிண்ட் பேனாவால் யாரோ கோணல்மாணலாக எழுதியிருந்தார்கள். "கண்ணு, நீ இதைப் படிச்சா அம்மாவுக்கு ஒரு போன் பண்ணு. எதுவும் கேக்க மாட்டேன். சாப்பிட்டயான்னு மட்டும் கேப்பேன்."

உள்ளே வந்தவரைச் சாமி கேட்டார். "படிச்சீங்களா?"

"படிச்சனுங்க."

"எடுத்தாச்சுங்களா?"

"இல்லீங்க."

சாமி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போனார்.

அதன் பிறகு நாச்சிமுத்து மற்ற போஸ்டர்களையெல்லாம் உரித்தார், இதைச் சுற்றி மட்டும் துடைத்தார். மழையும் காற்றுமாக இருந்த ஒரு நாள் நூல் அறுந்து போஸ்டர் சாக்கடையோரம் கிடந்தது. எடுத்துவந்து காயவைத்தார். நூல் கைக்குக் கிடைக்காததால் நான்கு மூலைக்கும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டினார். அடுத்த நாள் காலையில் போஸ்டர் கீழே கிடந்தது. ஈரத்தில் உப்பியிருந்த பெயிண்ட் டேப்போடு பெயர்ந்து வந்திருந்தது. சுவரில் உள்ளங்கை அகலத்துக்குச் சிமெண்ட் தெரிந்தது.

கோபப்படலாம் என்றால், ஒட்டியவர் அவரேதான். கோபமும் வரவில்லை. பெயிண்ட் போனால் என்ன, நாலு நாளில் அடித்துவிடலாம் என்றுதான் தோன்றியது. இவ்வளவு சின்ன விஷயமா இது? அன்றைக்கு இது ஏன் தோன்றாமல் போயிற்று? வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் பெரியவருக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கடையில் நூல் வாங்கிவந்து போஸ்டரைப் பழையபடியே தொங்கவிட்டார்.

அந்த வாரமே ஒரு பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகச் சுவருக்கு வந்தாள். கையில் புதிதாக அச்சடித்த தாள் சுருள். துளசிமணி என்று பெயர் சொன்னாள். காணாமல் போன பையனின் அம்மா.

"ஏனுங்ணா, முடிச்சு நான் போட்டதில்லையே. நீங்க கட்டுனீங்களா?"

"காத்துல வுழுந்துருச்சும்மா."

"மத்த ஊர்ல எல்லாம் கிழிச்சுப் போட்டுடறாங்ணா. இங்க சுவரு பளிச்சுனு இருந்துது. பசை தடவ மனசு வரல. இதை அடிச்சவரு எவ்வளவு பாடுபட்டு அடிச்சிருப்பாருன்னு நெனச்சு நூல்ல தொங்கவிட்டுட்டுப் போனேன்."

நாச்சிமுத்து தலையை ஆட்டினார். அவள் பழைய தாளை அவிழ்த்துப் புதியதை மாட்டினாள். மாட்டிவிட்டு, மகன் முகத்தில் ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்ணா?"

"எனக்கா? பிள்ளைங்க இல்லைம்மா."

"கொடுத்து வெச்சவருங்ணா நீங்க. இந்த வேதனை வேண்டாம்," என்று அவள் உள்ளன்போடுதான் சொன்னாள். அடுத்த பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள்.

நாச்சிமுத்து அன்றைக்குச் சுவரைத் தொடவில்லை. மத்தியானம் இலையில் உட்கார்ந்தவர் சாப்பிடாமல் எழுந்தார். சாமி தனியாக இருந்த நேரம் பார்த்துப் போய் நின்றார்.

"சாமி, அந்தம்மாகிட்ட எனக்குப் பிள்ளைங்க இல்லைன்னு சொல்லிப்போட்டனுங்க."

சாமி நிமிர்ந்து பார்த்தார்.

"உசுரோட இருக்கிறவனை இல்லைன்னு சொல்லிப்போட்டேன். எல்லாத்தையும் விட்டுட்டேன்னு நெனச்சுட்டுத்தான் இங்க இருக்கறனுங்க. விட்டதா இருந்தா இது ஏனுங்க இப்படி வலிக்குது? எப்படிங்க சாமி விடறது?"

சாமி எழுந்து உள்ளே போனார். ஒரு வெள்ளை சார்ட் தாள், ஸ்கெட்ச் பேனா, இரண்டு குச்சி, கொஞ்சம் பசை, ஒரு நூல்கண்டு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"அந்தம்மா போஸ்டருக்குப் பக்கத்துல இடம் இருக்குதுங்களே. நீங்களும் ஒண்ணு தொங்கவிடுங்க."

"நம்ம சுவத்துலயுங்களா?"

"தொங்கறதுதானுங்களே. சுவருக்கு ஒண்ணும் ஆகாது."

நாச்சிமுத்து சப்பணமிட்டு உட்கார்ந்தார். மேலே பெரிதாகக் "காணவில்லை" என்று எழுதினார். அதன் கீழே ஒரு கட்டம் போட்டார். கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டோ இல்லீங்க சாமி. அவன் போன அன்னைக்கே இருந்ததையெல்லாம் எரிச்சுட்டனுங்க."

"இடம் விட்டு வைங்க. கீழே 'தொடர்புக்கு'ன்னு எழுதுங்க."

எழுதினார். சாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி எங்க இருக்காப்ல ஐயா?"

நாச்சிமுத்துவுக்குத் "தெரியாது" என்றுதான் வாயில் வந்தது. அதை விழுங்கினார். அந்தம்மாவிடம் ஒரு பொய் சொன்னது போதும் என்றிருந்தது.

"பொள்ளாச்சியிலங்க. பைக் மெக்கானிக் கடை வெச்சிருக்கான். கல்யாணம் ஆயிருச்சு. ஒரு பொண்ணு பொறந்திருக்குதாமுங்க."

"போன் நம்பர் இருக்குதுங்களா?"

எங்கேயும் பார்க்காமல், எங்கேயும் தடுமாறாமல், பத்து எண்ணையும் மளமளவென்று ஒப்பித்தார் நாச்சிமுத்து. சாமி பேனாவை வாங்கித் 'தொடர்புக்கு' என்பதன் எதிரில் அந்த எண்ணை எழுதினார்.

"தம்பி கூப்பிடுவாப்லயா?"

"வீட்டுல நான் இருந்த வரைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் கூப்பிடுவானுங்க. முழுசா அடிச்சு நிக்கும். எடுக்க மாட்டேன். நின்னதும், இன்னொருக்கா அடிக்காதான்னு பார்த்துட்டே உக்காந்திருப்பேன்."

"இப்ப?"

"இங்க வந்ததும் போனை ஒருத்தருக்குக் குடுத்துட்டனுங்க."

"நீங்க இங்க இருக்கறது தம்பிக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க. சொல்ல வேண்டாம்னு அக்கம்பக்கத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன்." அவர் அந்த வெற்றுக் கட்டத்தை விரலால் தடவினார். "குழந்தையைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்தானாமுங்க. பூட்டியிருக்கறதைப் பார்த்துட்டு, எங்கப்பா எங்கே, எங்கப்பா எங்கேன்னு வீடு வீடா விசாரிச்சானாமுங்க. யாரும் சொல்லலை."

சாமி தாளைத் தன் பக்கம் இழுத்து, மேலே ஒரு குச்சியையும் கீழே ஒரு குச்சியையும் வைத்துச் சுருட்டி ஒட்டினார். நூலைக் கட்டி முடிச்சுப் போட்டார். தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

"எல்லாம் சரியா இருக்குதுங்க. உங்க போட்டோ ஒண்ணு கொண்டாங்க ஐயா. அந்தக் கட்டத்துல ஒட்டித் தொங்கவிட்டுரலாம்."