கரடியாருக்குச் சொல்லாமல் ஒரு கூட்டம்

ஒரு காட்டில் ஓர் ஓடை ஓடியது. ஓடைக்கு மேலே, மேட்டில், ஒரு மருதமரம். அந்த மரத்தின் பொந்தில் கனகம் என்ற இருவாச்சிப் பறவை குடியிருந்தாள். குடியிருந்தாள் என்பதைவிட அடைந்து கிடந்தாள் என்றால்தான் சரி.

இருவாச்சிகளின் வழக்கம் அப்படி, குழந்தைகளே. முட்டையிடும் காலம் வந்தால் தாய்ப்பறவை பொந்துக்குள் போய், சேற்றாலும் எச்சத்தாலும் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிச்சம். அப்புறம் இறக்கைச் சிறகுகளையும் உதிர்த்துவிடும். குஞ்சு வளரும்வரை வெளியே வர முடியாது. வந்தாலும் பறக்க முடியாது. அப்பாப் பறவைதான் பழம் கொண்டுவந்து கீற்று வழியே ஊட்ட வேண்டும்.

கனகத்துக்கு இது முதல் குஞ்சு. அதனால் எல்லாவற்றுக்கும் பயம். குஞ்சு கத்தினால் பயம், கத்தாவிட்டால் அதைவிடப் பயம். மரநாய் ஏறுமோ, பாம்பு வருமோ, விழுங்கிய அத்திப்பழம் தொண்டையில் நின்றுவிடுமோ என்று நாள் முழுக்கக் கீற்று வழியே பார்த்துக்கொண்டே இருப்பாள். அங்கிருந்து தெரிவது ஓடையின் ஒரு துண்டும் அதன் நடுவில் ஒரு வெள்ளைக் கல்லும்தான். இரண்டு மாதம் அதையே பார்த்ததில், அந்தக் கல் எந்த வேளையில் எவ்வளவு நனையும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

அவள் கணவன் சிங்காரம் வேறு மாதிரி. அவனுக்குப் பயமும் கிடையாது, அவசரமும் கிடையாது. மஞ்சள் அலகும் தலையில் பெரிய கொண்டையுமாக அவன் பறந்தால், அந்தச் சிறகுச் சத்தத்துக்கே காடு நிமிர்ந்து பார்க்கும். காடு நிமிர்ந்து பார்க்கிறதா என்று அவனும் குனிந்து பார்த்துக்கொள்வான்.

அப்போது அந்தக் காட்டில் தலைவர் இடம் காலியாக இருந்தது. பழைய தலைவரான காட்டுப்பன்றி, முட்டிவலி என்று ஒதுங்கிக்கொண்டது. புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க, ஓடையின் கீழ்ப்பக்கம் நடுப்பாறையில் தினமும் உச்சிவேளையில் கூட்டம் நடந்தது. நடத்துபவர் கரடியார். அவருக்குத் தேனைவிடச் சட்டம் பிடிக்கும்.

"பாறைக்கு வந்து பேசுகிற யாரும் தலைவராகலாம். ஆண், பெண், கொம்பு, இறகு, வால் என்ற வித்தியாசமே இங்கே கிடையாது" என்று தினமும் அறிவிப்பார். அறிவித்துவிட்டுப் பெருமையாகச் சுற்றிலும் பார்ப்பார். சுற்றிலும் கொம்பும் தந்தமும் மீசையுமாக இருக்கும். அடைகாப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் உச்சிவெயிலில் ஓடைக்கு நடுவே போய் உட்கார முடியுமா? இதை யாரும் கரடியாரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் பாறைக்கு வர வேண்டும்.

ஒரு நாள் பழம் ஊட்ட வந்த சிங்காரம், உப்புமண் நக்கப் போகிற திட்டில் காட்டெருமைகளும் மான்களும் மோதிக்கொள்வதாகவும், பாறையில் யாருக்கும் வழி தெரியவில்லை என்றும் அலுத்துக்கொண்டான். கனகம் குஞ்சின் வாயில் பழத்தைத் திணித்துக்கொண்டே, மான்கள் விடியலில் வந்து போகட்டும், எருமைகள் எப்படியும் சேற்றில் புரண்டு முடிக்க நேரமாகும், அவை பிறகு வரட்டும் என்றாள். மறுநாள் சிங்காரம் அதைப் பாறையில் சொன்னான். எல்லாரும் மெச்சினார்கள். அதற்கடுத்த நாள் பலாமரச் சண்டை. அதற்கும் கனகம் வழி சொன்னாள். அதற்கும் சிங்காரத்தை மெச்சினார்கள். நான்காம் நாள் அவனையே தலைவராக்கிவிட்டார்கள்.

"யோசனை என்னுடையது என்று சொன்னீர்களா?" என்று கனகம் கேட்டாள்.

"நீயும் நானும் வேறா, கனகம்?" என்றான் சிங்காரம்.

வேறில்லை என்றால் என் பெயரையே சொல்லியிருக்கலாமே என்று கனகத்துக்குத் தோன்றியது. ஆனால் வாய் நிறைய அத்திப்பழம்.

விழுங்கி முடித்ததும் அவள் ஒன்று கேட்டாள். ஒரே ஒரு நாள் கூட்டத்தை இந்த மருதமரத்தடியில் வைக்கச் சொல்லுங்கள், கீற்று வழியாக நானே பேசுகிறேன் என்றாள். சிங்காரம் அரை மனதாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தான். யாரையும் வர வேண்டாம் என்று தடுக்கவில்லை, எல்லாருக்கும் ஒரே சட்டம், ஒரே பாறை என்று கரடியார் சொல்லிவிட்டாராம். கீற்றுக்குள் இருக்கிற தலைவியின் முகம் எது முதுகு எது என்று தெரியாமல் எந்தப் பக்கம் கும்பிடுவது என்று கருங்குரங்கு கேட்டதாம். பாறையில் ஒரே சிரிப்பாம். சிங்காரமும் சிரித்தானா என்று கனகம் கேட்கவில்லை. அவன் முகத்திலேயே தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து, காலையில், கனகம் கீற்று வழியே பார்த்தாள். வெள்ளைக் கல் அடி வரை காய்ந்திருந்தது.

அப்போதுதான் சிங்காரம் குதூகலமாக வந்தான். ஓடையில் தண்ணீர் வற்றிவிட்டது, மீனும் நண்டும் கையால் அள்ளலாம், தான் பதவியேற்றதால்தான் ஓடையே வழிவிட்டிருக்கிறது என்று எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள் என்றான். அன்றைக்கு உச்சிவேளையில் ஓடைப்படுகையிலேயே அவனுக்குப் பாராட்டு விழா, விருந்து. குட்டிகள் எல்லாம் காலையிலிருந்தே அங்கேதான் புரள்கின்றனவாம்.

"மலை உச்சியில் மழை பெய்கிறதா?" என்றாள் கனகம்.

"நேற்றிலிருந்து கொட்டுகிறது. அதற்கென்ன?"

"அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?"

சிங்காரம் யோசித்தான். யோசித்துப் பழக்கமில்லாததால் சீக்கிரமே விட்டுவிட்டான்.

கனகம் மறுபடி கீற்று வழியே பார்த்தாள். வெள்ளைக் கல்லின் அடியில் கசிந்த கொஞ்ச நீரும் செம்மண் நிறமாக இருந்தது. அதில் பச்சை இலைகள் மிதந்தன. மேலே எங்கேயோ மண் சரிந்து ஓடையை அடைத்திருக்கிறது, அது உடைந்தால் படுகையில் ஒரு குட்டிகூட மிஞ்சாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. உடனே போய் எல்லாரையும் மேட்டுக்கு ஏற்றுங்கள் என்று விரட்டினாள்.

சிங்காரம் போன வேகத்தில் திரும்பி வந்தான். "ஏன் ஏற வேண்டும் என்று கேட்கிறார்கள். ஏன்?"

சொன்னாள். போனான். மறுபடியும் வந்தான். எப்போது உடையும் என்று கேட்கிறார்களாம். அது யாருக்குத் தெரியும், இப்போதே உடைந்தாலும் உடையும் என்றாள். போனான். மூன்றாம் தடவை மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். இடது கரையில் ஏறுவதா, வலது கரையில் ஏறுவதா என்று கேட்கிறார்களாம்.

அதே மரத்தின் உச்சியில் கூடு கட்டியிருந்த மலை அணில் அக்கா இறங்கி வந்தாள். அவளுக்குக் காடு முழுக்கக் காது. "கீழே என்ன பேசிக்கொள்கிறார்கள் தெரியுமா, கனகம்? நம்முடைய தலைவர் மூளையை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார், ஒவ்வொரு கேள்விக்கும் போய் எடுத்து வருகிறார் என்று கருங்குரங்கு சொல்கிறது. விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. என் மூத்தவனும் அங்கேதான் இருக்கிறான், கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறான்."

சிங்காரம் கொண்டையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "எல்லாப் பதிலையும் மொத்தமாகச் சொல்லிக் கொடு. மனப்பாடம் செய்துகொள்கிறேன்" என்றான்.

கனகம் அடைத்திருந்த வாசலை அலகால் ஒரு தட்டு தட்டினாள். உடைத்துக்கொண்டு போய்விடலாமா? போனால் பறக்க முடியாது. நடந்து போய்ச் சேர்வதற்குள் மரநாய் பொந்தைக் காலி செய்துவிடும். தட்டிய சத்தத்தைப் பழம் என்று நினைத்துக் குஞ்சு வாயைத் திறந்தது. வெளியே, வெள்ளைக் கல்லின் அடியில் கசிவும் நின்றுபோயிருந்தது.

நல்ல வார்த்தை சொன்னால் அவர்கள் ஏறமாட்டார்கள் என்று கனகத்துக்குத் தெரிந்தது. எதற்காக ஏறுவார்கள் என்று யோசித்தாள். பிறகு கீற்றில் அலகை வைத்து மெதுவாகச் சொன்னாள்.

"அணிலக்கா, கரடியாரிடம் போய்ச் சொல்லுங்கள். மருதமரத்தடியில் அவருக்குச் சொல்லாமல் ஒரு கூட்டம் நடக்கிறது. புதுத் தலைவியையும் தேர்ந்தெடுத்தாகிவிட்டது."

"பொய் சொல்லச் சொல்கிறாயா?"

"பொய் எதற்கு? இப்போதே நடத்திவிடுவோம்."

மரத்தின் வேருக்கடியில் முள்ளம்பன்றி அம்மா குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளையும் கூப்பிட்டார்கள். எழுந்து வர முடியாது, குட்டி இப்போதுதான் குடிக்க ஆரம்பித்திருக்கிறது என்றாள். எழுந்திருக்கவே வேண்டாம், இருக்கிற இடத்தில் இருந்தே கலந்துகொள்ளலாம் என்றாள் கனகம். இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது என்று இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்று முள்ளம்பன்றி அம்மா ஆச்சரியப்பட்டாள். கனகம் தலைவி என்று அணிலக்கா சொன்னாள். முள்ளம்பன்றி அம்மா சரி என்றாள். கூட்டம் முடிந்தது. அணிலக்கா வாலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"நான் என்ன சொல்ல வேண்டும்?" என்றான் சிங்காரம்.

"ஒன்றும் சொல்ல வேண்டாம். கடைசியில் வருகிற குட்டிகளின் தலைக்கு மேல் சத்தம் போட்டுப் பறங்கள். அது போதும்."

கொஞ்ச நேரத்தில் மேடே அதிர்ந்தது. கரடியார் மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்தார். வெள்ளம் வரும் என்றபோது அசையாதவர், அனுமதி இல்லாமல் கூட்டம் என்றதும் வாயிலிருந்த நண்டைக்கூட மெல்லாமல் வந்திருந்தார். சண்டை பார்க்கக் கருங்குரங்கு வந்தது. கருங்குரங்கு போகிற இடத்துக்கு எல்லாரும் போவார்கள். எருமைகள் வந்தன, மான்கள் வந்தன, குட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. பின்தங்கியவற்றைச் சிங்காரம் இறக்கைச் சத்தத்தாலேயே மேலே ஓட்டிவந்தான். வாழ்க்கையில் அவன் இத்தனை வேகமாகப் பறந்ததில்லை. யார் பார்க்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை.

"யாரைக் கேட்டுக் கூட்டம் போட்டாய்?" என்று கரடியார் கீற்றைப் பார்த்து உறுமினார்.

கனகம் குரலைப் பணிவாக வைத்துக்கொண்டாள். "எனக்குச் சட்டம் தெரியாது, கரடியாரே. மொத்தம் எத்தனை இருக்கிறது? நீங்கள் வரிசையாகச் சொன்னால் தெரிந்துகொள்வேன்."

இதுவரை ஒருவர்கூட அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. கரடியாரின் கோபம் பாதி இறங்கிவிட்டது. மொத்தம் பதினேழு, எல்லாரும் உட்காருங்கள் என்றார். எல்லாரும் மேட்டிலேயே உட்கார்ந்தார்கள். அவர் முதல் சட்டத்திலிருந்து விளக்கத்துடன் ஆரம்பித்தார். மூன்றாவதில் சில எருமைகள் கொட்டாவி விட்டன. ஐந்தாவதில் கருங்குரங்கு திரும்பிப் போகப் பார்த்தது. அந்தச் சட்டம் புரியவில்லை, வால் உள்ளவர்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று கனகம் கேட்டதும், தன் வாலைப் பற்றிய பேச்சு என்று அது மறுபடி உட்கார்ந்துவிட்டது.

"குட்டிகள்?" என்று கனகம் கீற்று வழியே அணிலக்காவிடம் கிசுகிசுத்தாள்.

"எல்லாம் மேலே வந்துவிட்டன. என் மூத்தவன் ஒரு மான்குட்டியின் முதுகில் சவாரி செய்துகொண்டு வந்தான்."

"ஒன்பதாவது சட்டம்" என்றார் கரடியார். "எந்தக் கூட்டமும் நடுப்பாறையில் மட்டுமே…"

அவர் முடிக்கவில்லை. மேலே மலை பிளந்தது போல் ஒரு சத்தம். செம்மண் வெள்ளம் மரங்களை வேரோடு உருட்டிக்கொண்டு மேட்டின் கீழே பாய்ந்தது. கனகம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக் கல் போயிற்று. சற்று முன்பு குட்டிகள் புரண்ட மணல் போயிற்று. கீழே நடுப்பாறையைப் பார்த்தவர்கள், அது இருந்த இடத்தில் ஒரு சுழி மட்டும் சுற்றுவதைக் கண்டார்கள்.

கருங்குரங்கு, பக்கத்தில் இருந்த யாருடைய குட்டியையோ எடுத்து இறுக்கி அணைத்துக்கொண்டிருந்தது. பொந்துக்குள் கனகம் குஞ்சின் மேல் சாய்ந்து அழுதாள். அது பயத்தில் வந்த அழுகை இல்லை.

சிங்காரம் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். "உப்புமண் யோசனை இவளுடையது. பலாமரமும் இவள் சொன்னதுதான். நான் சுமந்து வந்தேன், அவ்வளவுதான்" என்றான்.

"மூன்றாவது தடவை நீ வீட்டுக்கு ஓடியபோதே தெரிந்துவிட்டது" என்றது கருங்குரங்கு. ஆனால் சிரிக்கவில்லை.

கரடியார் சுழியிலிருந்து கண்ணை எடுத்து மரத்தின் பக்கம் திரும்பி, முன்னங்கால்களைச் சேர்த்துக்கொண்டு, "அம்மா, நாளைக் கூட்டம் எங்கே?" என்று கேட்டார்.

"இங்கேதான்."

"உச்சிவேளையிலா… இல்லை, எந்த வேளையில்?"

"குஞ்சு தூங்கும்போது."

"அது எப்போது தூங்கும்?"

"எனக்கே தெரியாது, கரடியாரே. தூங்கினதும் சொல்கிறேன். அதுவரை பக்கத்திலேயே இருங்கள்."

மறுநாள் உச்சிவேளையில் அந்த மேட்டைப் பார்க்க வேண்டுமே, குழந்தைகளே. எருமை, மான், பன்றி எல்லாம் மருதமரத்தைச் சுற்றி மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தன. கூட்டத்துக்கு முதல் முறையாக வந்த அம்மாக்கள், குட்டிகளை மடியில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தார்கள். உள்ளே இத்தனை நேரம் விடாமல் கத்திய குஞ்சின் குரல் மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தது. கருங்குரங்கு லேசாகத் தும்மியது. உடனே கரடியார் நுனிக்காலில் எழுந்து நின்று, உதட்டில் நகத்தை வைத்து, "உஷ், இப்போதுதான் கண் சொருகுகிறது" என்றார்.

நீதி: எல்லாரும் வரலாம் என்று சொன்னால் மட்டும் போதாது, எல்லாராலும் வர முடிகிற இடத்தில் கூட்டத்தை வைக்க வேண்டும்.